பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை: குடும்ப வரலாறு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் குடும்ப மரம் எழுத உட்காருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம்.

தாத்தா பேரைத் தவிர எங்களுக்கு ஒன்னுமே தெரியாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? ஜேபிஎன் போகணுமா?

ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவிலாகா அப்புறம். குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மிக மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். பத்திரம் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும், பாட்டி கிடைக்கமாட்டார்.

கைப்பேசியில் பதிவு போட்டு மேசைமேல் வையுங்கள். காற்றாடிக்கு நேர் கீழே வேண்டாம், பேச்சைவிட அதன் இரைச்சல்தான் கேட்கும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊரும் தெரிந்துவிடும். இன்னொன்று: பழைய காலத்துப் பாட்டிகள் பலர் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். “மூத்த பேரனுக்கு யார் பேரு வச்சீங்க?” என்று கேளுங்கள், பல வீடுகளில் பதில் வந்துவிடும். பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்பதுதானே.

எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டா போதாதா?

போதாது. பெரும்பாலான குடும்ப மரங்கள் இங்கேதான் கோணிப்போகின்றன. “எத்தனை பிள்ளைங்க?” என்றால் பாட்டி உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணுவார். “எத்தனை பெத்தீங்க, எத்தனை தங்குச்சு?” என்று கேட்க வேண்டும். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் தவறிப்போவது சகஜமாக இருந்த காலம் அது.

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் கேள்விக்குப் பாட்டி சொன்னது “நாலு”. சரியாகக் கேட்டபின் கிடைத்தது ஏழு பேறு: முதலாவது பெண், பெயர் வைக்குமுன் தவறியது. இரண்டாவது ஆண், ஒன்றரை வயதில் காய்ச்சல். மூன்றாவது குப்பம்மா. நான்காவது மணியம். ஐந்தாவது எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. ஆறாவது லெட்சுமி. ஏழாவது ராஜூ. வீட்டில் எல்லாருக்கும் குப்பம்மாதான் “பெரியக்கா”. பிறந்த வரிசையில் அவர் மூன்றாவது, வளர்ந்த வரிசையில் முதலாவது. இரண்டையும் எழுத வேண்டும், ஏன் என்பது கீழே வரும்.

கேட்கும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பேறுக்கும் “அடுத்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்த மௌனத்தில்தான் தவறிய பிள்ளையின் பேச்சு வரும். அழுதால் பதிவை நிறுத்திவிடுங்கள்.

பெரியப்பா, சித்தப்பா, அத்தைன்னு கூப்பிடறோமே, அதை வச்சே வரிசையைக் கண்டுபிடிச்சிட முடியாதா?

பாதி முடியும். அப்பாவோடு கூடப் பிறந்தவர்களில் உங்களுக்கு இரண்டு பெரியப்பா, ஒரு சித்தப்பா என்றால் உங்கள் அப்பா ஆண்மக்களில் மூன்றாவது. அதேபோல் அம்மாவோடு கூடப் பிறந்த பெரியம்மா, சின்னம்மாக்களை எண்ணினால் அம்மா பெண்மக்களில் எத்தனையாவது என்பது தெரிந்துவிடும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், அத்தையிலும் மாமாவிலும். அப்பாவுக்கு மூத்தவராக இருந்தாலும் அத்தைதான், இளையவராக இருந்தாலும் அத்தைதான். தாய்மாமனும் அப்படியே. அதனால் நம் உறவுச்சொற்களை மட்டும் நம்பி எழுதிய மரத்தில் அப்பாவின் அக்கா தங்கைகளும் அம்மாவின் அண்ணன் தம்பிகளும் மிதந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு அத்தைக்கும் “அப்பாவுக்கு அக்காவா, தங்கச்சியா?” என்று தனியாகக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகளைக் கவனித்தால் வேறொரு முறை தெரியும். அங்கே அப்பா, அம்மாவின் அண்ணன் தம்பிகளில் பாக் லோங் என்றால் உடன்பிறந்தவர்களில் முதலாவது, பாக் ஙா நடுவில் வருபவர், பாக் சு கடைக்குட்டி. பெண்களுக்கும் மாக் லோங், மாக் சு உண்டு. அந்த எண்ணிக்கை குடும்பம் முழுவதற்கும் பொது. நம் சொற்களோ நம் அப்பா, அம்மா இருக்கும் இடத்திலிருந்து அளக்கின்றன. எனக்குச் சித்தப்பா, இன்னொருவருக்குப் பெரியப்பா. ஆகவே யார் வாயிலிருந்து சொல் வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரிடம் கேட்ட தகவல் ஒன்றோடொன்று முட்டும்.

சரி, இதையெல்லாம் எப்படி எழுதிவைக்கிறது? படம் வரைஞ்சா ரெண்டு தலைமுறையிலேயே தாள் பத்தல.

படம் கடைசியில் வரையலாம். முதலில் எண் கொடுங்கள். தெரிந்த மிக மூத்த மூதாதை 1. அவருடைய மூன்றாவது பிள்ளை 1.3. அந்த மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை 1.3.2. எண்ணைப் பார்த்தாலே எத்தனையாவது தலைமுறை, எத்தனையாவது பேறு என்பது தெரியும்.

தவறிய பிள்ளைகளுக்கும் எண் உண்டு, பெயர் இல்லாவிட்டாலும். மேலே சொன்ன குப்பம்மா 1.3, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வளர்ந்த வரிசை (1). உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் எண் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஒரு பெரியம்மா “நடுவுல ஒரு பொண்ணு இருந்துச்சே” என்றால், கீழே உள்ள அத்தனை எண்ணும் மாறும். பென்சிலால் எழுதியவர்கள் தப்பித்தார்கள்.

பாட்டிக்கு பிறந்த தேதி தெரியாது. “ஜப்பான்காரன் வந்தப்போ நான் கைப்பிள்ளை”ன்னு சொல்றாங்க. இதை வச்சு என்ன பண்றது?

நிறையப் பண்ணலாம். ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 11. கோலாலம்பூர் விழுந்தது 1942 ஜனவரி 11. ஜப்பானியர் ஆட்சி முடிந்தது 1945 ஆகஸ்ட், செப்டம்பரில். கைப்பிள்ளை என்றால் 1941 வாக்கில் பிறந்தவர். “ஜப்பான் காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னது ஞாபகம் இருக்கு” என்றால் 1940க்கு முன் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். “வாழைமரக் காசை வச்சு விளையாடினோம்” என்றால் ஜப்பானியர் அச்சடித்த அந்தப் பணத்தாள் செல்லாமல்போன 1945க்குப் பிந்திய ஞாபகம்.

வருடத்தை அடித்துவைக்க மற்ற ஆணிகள்: மலாயா அவசரகாலம் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை, மெர்டேக்கா (சுதந்திரம்) 1957, மே 13 கலவரம் 1969, கோலாலம்பூர் பெருவெள்ளம் 1971 ஜனவரி, பினாங்குப் பாலம் 1985. “அப்போ உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்காதீர்கள். “அப்போ நீங்க என்ன வேலை செய்வீங்க?” என்று கேளுங்கள். தண்ணீர் தூக்கினேன், தம்பியை இடுப்பில் வைத்திருந்தேன், வெட்டுக்காட்டுக்கு (ரப்பர் பால் வெட்டும் இடம்) அம்மாவோடு போய் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்தேன் என்று வரும் பதிலில் வயது தானாகத் தெரியும்.

பிறகு வரிசையை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நான்கைந்து வருட இடைவெளி தெரிந்தால், நடுவில் ஒரு பேறு விட்டுப்போயிருக்கலாம், அல்லது தாத்தா கப்பலேறி ஊருக்குப் போயிருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

பழைய பெட்டியில ஒரு சாதகக் குறிப்பு. “பிரபவ வருஷம் தை மாசம்”னு இருக்கு. இங்கிலீஷ் வருஷம் எது?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். பிரபவ 1927 ஏப்ரல் நடுவில் தொடங்கியது, அடுத்தது 1987இல். தை என்பது அந்த ஆண்டின் பத்தாவது மாதம், ஆகவே 1928 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. இங்கேதான் பலர் ஒரு வருடம் பிசகுகிறார்கள்: மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறது என்பதை மறந்து 1927 என்று எழுதிவிடுவார்கள். 1928ஆ 1988ஆ என்ற குழப்பம் வராது, அறுபது வருட வித்தியாசம் பார்த்தாலே தெரியும்.

நட்சத்திரமும் இருந்தால் நாளையே பிடித்துவிடலாம். ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு முறை, சில வேளை இரண்டு முறைதான் வரும். பழைய பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஐசியில ஒரு வயசு, அவங்க சொல்றது வேற வயசு. எதை எழுதுறது?

இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தோடு வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பெரியவர்கள் அன்று வாய்க்கு வந்த வயதைச் சொன்னார்கள், கிராணி (எழுத்தர்) அதை எழுதினார். வேலையில் சேர வயதைக் கூட்டியவர்களும் உண்டு.

இப்போதைய 12 இலக்க எண்ணிலும் தகவல் உண்டு. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது 1974 பிப்ரவரி 1. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களுக்குப் பத்திரத்தில் மாநிலம் சிலாங்கூர் என்றே இருக்கும், அதைத் தவறு என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

ஒரே ஆளுக்கு நாலு பத்திரத்துல நாலு ஸ்பெல்லிங். இது ஒரே ஆள்தானா?

பெரும்பாலும் ஆம். கிராணி காதில் விழுந்ததை எழுதினார். லட்சுமி ஒரு பத்திரத்தில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி. சுப்பையா சுப்பாயாவாகும், முனியாண்டி முனாண்டியாகும். எழுத்தைப் பார்க்காமல் சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஒரே மாதிரி கேட்டால் ஒரே ஆளாக இருக்கலாம். முடிவு செய்ய அப்பா பெயர், தோட்டம், உடன்பிறந்தவர் பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

பிறப்புப் பத்திரத்தில் தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள். பெற்றோர் இல்லாமல் வேறொருவர் பெயர் இருந்தால், அதில் உள்ள வயதும் எழுத்தும் இரண்டாம் கைத் தகவல்.

தாத்தா பாட்டிக்குக் கல்யாணப் பத்திரமே இல்ல. அப்போ கல்யாணம் ஆகலையா?

ஆகியிருக்கும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவு கட்டாயமானது 1982 மார்ச் 1 முதல். அதற்கு முன் சடங்குப்படி தாலி கட்டினால் போதும். பத்திரம் இல்லாதது அந்தக் காலத்துக்கு இயல்பு.

குப்பன், பிச்சை, போதும்பொண்ணு… ஏன் இப்படிப் பேர் வச்சாங்க?

இந்தப் பெயர்களே ஆவணம். முன்னால் பிறந்தவை தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, அல்லது யாரிடமோ பிச்சையாக வாங்கியதுபோல வாங்கி, அந்தப் பெயரையே வைப்பார்கள். வேண்டாத பொருள் என்று காலன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. குப்பன், குப்பம்மா, பிச்சை, பிச்சையம்மா என்று யாராவது வந்தால் அவருக்கு முன் குறைந்தது ஒரு பேறாவது தவறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

போதும்பொண்ணு என்றால் முன்னால் வரிசையாகப் பெண்கள். பெரியசாமி, சின்னசாமி இருவரும் அண்ணன் தம்பியாக இருப்பது வழக்கம், ஆனால் சாமி பெயராகவும் வரும் என்பதால் கேட்டே எழுதுங்கள்.

சொந்த ஊர் எதுன்னா “திருச்சி ஜில்லா”ன்னு மட்டும்தான் சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவர் சொல்வது அன்றைய திருச்சி, இன்றைய பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் சேர்ந்தது. சேலம் ஜில்லா என்றால் தர்மபுரி அதிலிருந்து 1965இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997இல். வட ஆற்காடு 1989இல் வேலூர், திருவண்ணாமலை என்றானது. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது 1991. ஆகவே ஜில்லாவை விடுங்கள், தாலுகாவைக் கேளுங்கள்: முசிறியா, துறையூரா, ஆத்தூரா? “சந்தைக்கு எங்கே போவாங்களாம்?” என்றாலும் சரிதான்.

ஏர்மெயில் கடிதம் ஒன்று அகப்பட்டால் அதுதான் புதையல். அனுப்பியவர் முகவரியில் கிராமம், அஞ்சல், வழி, தாலுகா என்று எல்லாம் இருக்கும். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது, அன்றுதான் இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது. 636 என்று தொடங்கினால் சேலம் பக்கம், 621 என்றால் திருச்சியைச் சுற்றிய ஊர்கள். கடிதம் இல்லையா, குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். மதுரைவீரன், முனீஸ்வரன் என்று பொதுவான பெயராக இருந்தால் உதவாது. சாமி பெயரோடு ஊர்ப் பெயரோ மலைப் பெயரோ ஒட்டியிருந்தால் அந்தத் தடத்தைப் பிடித்துப் போகலாம்.

தாத்தா பிறந்த தோட்டத்தோட பேர் எந்த வரைபடத்துலயும் இல்லையே?

தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் ஒன்று, நம்மவர் வைத்த பெயர் இன்னொன்று. துரையின் பெயரையோ, அங்கே நின்ற மரத்தையோ, மேட்டையோ வைத்து நம்மவர் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் இருப்பது முதல் பெயர், பாட்டி வாயில் வருவது இரண்டாவது. பக்கத்துப் பட்டணம், ரயில் நின்ற ஸ்டேசன், தமிழ்ப்பள்ளியின் பெயர் மூன்றையும் கேளுங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி மறைந்தாலும் பள்ளி பல இடங்களில் பழைய பெயரோடு நிற்கிறது. கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் (பழைய ஜாலான் டூத்தா) பக்கம் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருந்தால், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரிந்தபின் போங்கள். தமிழ்ப் பெயரை வைத்துத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

பெரியவர் ஒருத்தர் “சயாமுக்குப் போனார், வரல”ன்னு மட்டும் இருக்கு. இறந்த தேதி என்ன போடுறது?

தேதி போடாதீர்கள். “1942–43, சயாம் ரயில் பாதை, திரும்பவில்லை” என்று எழுதுங்கள். ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே சுமார் 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிப்போனார்கள். செத்தவர்களுக்குப் பெரும்பாலும் பதிவு இல்லை. அந்த வீட்டில் மிஞ்சியவர்களில் யார் மூத்தவராக ஆனார் என்பதையும் எழுதுங்கள், பன்னிரண்டு வயதில் குடும்பத் தலைவனான பையன்கள் உண்டு.

தாத்தாவுக்கு ரெண்டு தாரம். வரிசை எப்படிப் போடுறது? அதோட ஒரு அத்தை சீனப் பிள்ளையாம், சொல்லலாமா?

வரிசை தாய்க்குத் தாய் தனி. மூத்த தாரம் 1அ, இளைய தாரம் 1ஆ, பிள்ளைகள் 1அ.1, 1ஆ.1 என்று போகும். இரண்டு தாரத்துப் பிள்ளைகளையும் வயதுப்படி ஒரே வரிசையில் கோத்தால் யார் யாருக்கு அம்மா என்பது காணாமல் போகும்.

சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தது இங்கே பரவலாக நடந்தது. பத்திரத்தில் பெற்ற பிள்ளை என்றே பதிந்தவர்களும் இருந்தார்கள். வளர்ந்த வரிசையில் அந்த அத்தைக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். மற்றதை அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் எழுதுங்கள். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் முதல் தடவையாக அறிவிக்கும் விஷயம் இல்லை இது.

பாட்டி தன் தாய்மாமனையே கட்டிக்கிட்டாங்க. மாமன் ரெண்டு இடத்துல வர்றாரே?

வரட்டும். எண் ஒன்றுதான். அவர் பிறந்த இடத்து எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, கணவராக வரும் இடத்தில் “1.2 காண்க” என்று எழுதுங்கள். தலைமுறை கோணலாகத் தெரியும், தப்பில்லை.

மூத்த பிள்ளைன்னா பொறுப்பு, கடைக்குட்டின்னா செல்லம், நடுப்பிள்ளை அழுத்தக்காரன்னு சொல்றாங்களே, நிஜமா?

குணத்தைப் பொறுத்தவரை ஆதாரம் மெலிவு. 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் 20,000க்கு மேற்பட்டவர்களின் தகவலை அலசிய ஆய்வில், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனத்திடம் எதிலும் பிறப்பு வரிசையின் நிலைத்த தாக்கம் தெரியவில்லை. அறிவுத்திறன் சோதனையில் மட்டும் மூத்தவர்களுக்கு ஒரு சிறிய முன்னிலை.

நம் வேலைக்குச் சுவையானது 2007இல் வெளிவந்த நார்வே ஆய்வு. படைக்கு வந்த சுமார் இரண்டரை லட்சம் இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். அறிவுத்திறன் சோதனையில் மூத்தவருக்கும் அடுத்தவருக்கும் ஏறக்குறைய 2 புள்ளி வித்தியாசம். ஆனால் மூத்தது தவறிப்போய், இரண்டாவதாகப் பிறந்தும் மூத்தவராக வளர்ந்தவர்களின் மதிப்பெண் மூத்தவர்களைப் போலவே இருந்தது. பிறந்த வரிசையைவிட வளர்ந்த வரிசைக்குத்தான் பலன். மேலே குப்பம்மாவுக்கு இரண்டு எண் கொடுக்கச் சொன்னது இதனால்தான். அவரிடம் “நீங்க எத்தனையாவது?” என்பதோடு, யாரை இடுப்பில் தூக்கினீர்கள், ஆயாக் கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) யாரைக் கொண்டுபோய் விட்டீர்கள், எந்த வகுப்பில் பள்ளியை நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். தம்பி படிக்க அக்கா நின்ற வருடம் எது என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

எங்க பசங்க எல்லாரையும் அங்கிள், ஆண்டின்னு கூப்பிடறாங்க. இதைச் சரிபண்ண வழி இருக்கா?

பாடம் நடத்தினால் ஏறாது. ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: அப்பாவின் அண்ணன் தம்பியும் அம்மாவின் அக்கா தங்கையும் அப்பா, அம்மா கணக்கு, அதனால் சொல்லில் அப்பாவோ அம்மாவோ இருக்கும். அப்பாவின் அக்கா தங்கை அத்தை, அம்மாவின் அண்ணன் தம்பி மாமா. அவ்வளவுதான். சித்தி என்று கூப்பிடும் வீடு என்றால் அது ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் பெயரைச் சேமிக்கும்போது “ராஜூ அங்கிள்” என்று போடாமல் “ராஜூ சித்தப்பா 1.7” என்று போட்டுக்கொடுங்கள். தீபாவளிக்கு அழைக்கும்போது திரையில் அதுதான் வரும். அந்த 7 எதற்கு என்று ஒரு நாள் பிள்ளை கேட்கும், அப்போது ஏழு பேரையும் சொல்லலாம்.